நுனிநாக்கில் பட்ட காரம்

காஜா பெராங் தெருவிலிருந்த எங்கள் பழைய வீட்டுச் சமையல் மேசையில் என் மகள் ரசாயனச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சவர்க்காரம்.

"இடது பக்கம் சோடியம் ஒண்ணு அதிகமா நிக்குதுப்பா. ஒண்ணுதானே, விட்டுடவா?"

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் அம்மா இதே வீட்டுக் கொல்லையில் சவர்க்காரம் காய்ச்சினாள். சோடாவின் நெடி கண்ணைக் கரிக்கும். துளி எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாள். சுரீரென்றால் சோடா மிச்சம், எண்ணெய் போதவில்லை.

ஒருநாள் அப்படித்தான் சுரீரென்றது. மத்தியானம் ராணுவ அதிகாரி டின்னில் வாங்கிப்போக வருவான். கையை வேகவைத்த சவர்க்காரம் கொடுத்த ஒருவரை முன்பு நடுவெயிலில் முட்டிபோட வைத்தவன் அவன். எண்ணெயோ வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. அப்பா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார்.

"இருக்கிறத குடுத்துடு. அவனுக்கு என்ன தெரியப்போவுது?"

"கை வெந்தா தெரியுங்க," என்ற அம்மா, சாமி விளக்கிலிருந்த எண்ணெயை அப்படியே சட்டியில் ஊற்றினாள். கிண்டினாள், நாக்கில் வைத்தாள், மறுபடியும் கிண்டினாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது இன்னொரு முறை வைத்தாள். இம்முறை முகம் சுளிக்கவில்லை.

டின்னை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். அன்று சாயங்காலம் அம்மா இருட்டில் நின்று சாமி கும்பிட்டாள்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடாதேம்மா," என்றேன். "அந்த ஒண்ணு யார் கையிலயாவது போய்த்தான் நிக்கும்."