எலியக்காவின் புல்வெளி

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார் எலியக்கா. சின்னத் தகரப் பெட்டிதான். உள்ளே எலி இருந்தால் கை சொல்லிவிடும். "யாரு வந்துருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தள்ளுவார். வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஆராய்ச்சி நிலையத்தின் புல்வெளியில் அவருக்கு வேலை. மாலையில் பெட்டிகளை வைப்பார். காலையில், மாட்டியிருக்கும் காட்டெலியைத் துணிப்பைக்குள் உதறி எடை பார்ப்பார், அடையாளத்துக்கு முதுகில் துளி முடியைக் கத்தரிப்பார், பிடித்த இடத்திலேயே விடுவார். "தள்ளி விட்டா வழி தெரியாம அலையும், பாவம்." எலி வாலைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற ரகம் நான். அக்காவோ அதன் வயிற்றைத் தடவிச் சினையா என்று பார்க்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். யாரோ தைக்கக் கொடுத்த பேன்ட் துணியை வீட்டெலி குதறிவைத்த அன்று மனிதர் கொதித்துப்போனார். "ஊர்ல இருக்கற எலிக்கெல்லாம் எடை பாக்கற. நம்ம வீட்டு எலிய என்னன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லீங்க" என்றாராம் அக்கா.

மழை நன்றாகப் பெய்த வருடம் புல்விதை கொட்டிக் கிடந்தது. எலிகளுக்குப் பெட்டிகள் போதவில்லை. அடுத்த வருடம் வானம் ஏமாற்றியது, அதற்கடுத்த வருடமும். புல் கருகியது. ஆந்தைகள்கூட வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. கடைசியில் காது கிழிந்த ஒரு பெண் எலி மட்டும், பெட்டியில் தடவும் கடலை விழுதுக்காகத் தானாக வந்து மாட்டிக்கொண்டிருந்தது. "எலும்பும் தோலுமா வந்து நிக்குது. மனசு கேக்குமா?" மழையும் வெயிலும் எலிகளை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் அங்கே ஆராய்ச்சி. அதனால் கூடுதலாக ஒரு துளி உணவும் வைக்கக் கூடாது. அக்கா யாருக்கும் சொல்லாமல் விழுதை அப்பி அப்பி வைத்தார்.

எலிக்குச் சதை போட்டது. எடையைப் பார்த்த ஆய்வாளரம்மா துள்ளிக் குதித்தார். "அக்கா, புல்வெளி பொழைச்சுக்கிச்சு!"

அந்த முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத் தாங்கவில்லை. "அது புல்வெளி இல்லம்மா. நான்."

ஆய்வாளரம்மா திட்டவில்லை. அந்த எடைகளைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டு, "அதுக்கு ஏதாவது வைக்கணும்னு எனக்கும் கை பரபரத்துச்சு அக்கா" என்றாராம்.

பிறகு அக்கா அளவாகத்தான் வைத்தார். கொஞ்ச நாளில் அந்தக் காது கிழிந்த எலி வருவதை நிறுத்திவிட்டது. மழை வந்தது, புல் முழங்காலுக்கு எழுந்தது, பெட்டிகள் மட்டும் கனக்கவே இல்லை. "மழை வந்து என்னங்க, அனுபவிக்க ஆள் வேணாமா?" என்று வெறும் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். எல்லாமே செத்துத் தீர்ந்துவிட்டனவோ என்ற பயம் அவருக்கு. எலியென்றால் அலறுகிற எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

நான் கூடப் போன காலையில், ஒரு பெட்டியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பைக்குள் விழுந்தது கட்டைவிரல் அளவுக் குட்டி. முதுகில் கத்தரி படாத முழு முடி. மழைக்குப் பிறகு பிறந்தது.

"எங்கயோ ஒரு அம்மா இருக்கா" என்றார். எடை பார்த்தார், முடி வெட்டினார், விட்டார். குட்டி புல்லுக்குள் ஓடி மறைந்தது.

திரும்பும்போது அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புல்லைக் காலால் மெல்ல விலக்கி விலக்கி நடந்தார். இரண்டு எட்டு போனதும் நின்று, திரும்பி, என் ஷூவைப் பார்த்தார்.