முதலாளி நட்ட போர்டு

இன்று பக்கத்து மனையில் ஜேசிபி சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிப் போட, அந்தப் பச்சை முள்வாடை சன்னல் வழியாக வந்து என்னைச் சின்ன வயசில் நான் வளர்ந்த நாரணாபுரத்துக்கு இழுத்துப் போனது. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த கருவேலங்காடுதான் பெண்களுக்குக் கழிப்பறை. பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து, கையில் அலுமினியப் பொடி மினுங்க, அம்மாவும் அத்தைமாரும் பேசிக்கொண்டே உள்ளே போவார்கள். வளையல் சத்தமும் காய்ந்த நெற்றுகள் மிதிபடும் சத்தமும் கேட்டால் ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

தன் வீட்டில் மாடிக்கொரு கக்கூஸ் கட்டியிருந்த கம்பெனி முதலாளிக்கு அந்தக் காடு அசிங்கமாகப் பட்டது. ஆள்விட்டு ஒரே பகலில் மொட்டையடித்துவிட்டு, "இப்பத்தான் ஊரு பளிச்சுன்னு இருக்கு" என்று இளித்தார். நாங்கள் இனி எங்கே போவோம் என்று அந்தப் பெரிய மண்டைக்குத் தோன்றவேயில்லை. தன் சேவையைத் தானே மெச்சிக்கொண்டு, கொட்டை எழுத்தில் தன் பெயர் போட்ட தகரப் போர்டு ஒன்றைப் பொட்டலின் நடுவில் நட்டுவைத்தார்.

அன்று பொழுது சாயும்போது அம்மா செம்பை எடுத்தாள்.

"எங்கனம்மா போறது?"

"அங்கன பாரு, மொதலாளி எம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருக்காக!"

போர்டுக்குப் பின்னாலிருந்து அதற்குள்ளாகவே வளையல் சத்தம் கேட்டது.