முற்றத்துக்கு வந்த ஆமை

பழைய குளங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா இன்று குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் காட்டிய பழைய வரைபடத்தில், எங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு குளம்.

வெளியே தெரிந்தால் வீட்டை இடிக்கச் சொல்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

“இஞ்ச கொளம் ஒண்ணும் கெடையாது மக்கா. பண்டே தென்னவெளையாக்கும்.” அந்தக் காலத்திலிருந்தே தென்னந்தோப்புதான் என்று அம்மா சாதித்தாள்.

அந்த நேரம் பார்த்து, மழைக்கு எப்போதும் வரும் ஆமை முற்றத்தில் ஏறியது.

“சேச்சி, இது?” என்று அக்கா அம்மாவிடம் கேட்டார்.

“நாங்க வளக்கியதாக்கும்.”

“பேரென்ன?”

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் புது ஆட்களிடம் பேச்சே வராது.

அக்கா சிரித்தார். “பயப்படண்டாம் சேச்சி. யாரு வீடுன்னு எழுத மாட்டேன்.”

அம்மா இன்னும் நம்பவில்லை. எனக்கென்னவோ, ஆமை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, அந்தக் குளத்துக்குத்தான் வருகிறது என்று தோன்றுகிறது.

அக்கா அடுத்த வாரமும் வருவாராம். அதற்குள் ஆமைக்கு ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்.