பீலித் தண்ணீர்

எழுபதுகளின் பிற்பகுதியில், மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த தமிழ்ப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில் மாறிப் பதுளைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, பஸ் போகாத கடைசி இரண்டு மைலைப் பெட்டியோடு நடந்து போய்ச் சேர்ந்தேன். பாடசாலைக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட இரண்டு அறை விடுதி. மற்ற ஆசிரியர்கள் பசறையிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்துபோகிறவர்கள். பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலை மணி அடிக்கும்வரை நான் வாய் திறக்க ஆள் இல்லை. சில நாள் காலையில் வகுப்பில் பேசத் தொடங்கும்போது குரல் கட்டியிருக்கும்.

பத்தாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். என்னுடைய யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏன் நேற்று வரேல்லை?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் வாய்க்குள் சிரிக்கும். நுண்ணங்கிகள் பாடத்தை எல்லோரும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். கண்ணால் எதையும் பார்த்ததில்லை. ஆய்வுகூடம் என்ற பெயரில் ஓர் அலுமாரியும், கண்ணாடி உடைந்த நுணுக்குக்காட்டி ஒன்றும் இருந்தன.

நொதித்தல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அன்று, இரண்டாம் வாங்கில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அதுவரை அவள் எதுவும் கேட்டதில்லை.

"ஃபேக்டரில இலையைப் புளிக்கப் போடுவாங்களே டீச்சர், அதுவும் கிருமி செய்யிற வேலைதானுங்களா?"

"ஓம், அதுவும் அப்படித்தான்" என்றேன்.

அன்று மாலை விடுதியில் என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். நான் சொன்னது பிழை. அரைத்த இலையின் சாறே காற்றுப் பட்டு மாறுகிறது. கிருமிக்கு அங்கே வேலை இல்லை. மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அதைச் சொன்னேன். டீச்சர் பிழை விட்டதாக டீச்சரே சொன்னது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் கொப்பியைத் திறந்து எதையோ வெட்டி எழுதினாள். அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்காத நாள் இல்லை.

கிருமியை இவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வந்தது அப்போதுதான். அதை வளர்க்க ஏகார் வேண்டும். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது, சமையலுக்கு விற்பதும் அதுதான். சனிக்கிழமை பதுளைக்குப் போய் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் கேட்டேன்.

"கடப்பாசி நோம்புக்குத்தான் போகும் டீச்சர். இப்ப யாருக்கு?"

"கிருமி வளர்க்க."

அவர் பொட்டலம் கட்டிய கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கும் ஆக்கிப் போடணுமா?" என்றார். அந்த மாதத்தில் என்னைச் சிரிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டத்து மருந்துக் கொட்டிலிலிருந்து பிள்ளைகள் தட்டையான மருந்துப் போத்தல்களைக் கேட்டு வாங்கி வந்தார்கள். கழுவி, அவித்து, இறைச்சிச் சாற்றில் காய்ச்சிய கடற்பாசியை ஊற்றி, போத்தல்களைப் படுக்க வைத்தோம். பக்கவாட்டில் மெல்லிய தகடு போல் உறைந்தது. ஒன்றில் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி. ஒன்றில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் குழாயில் வந்து விழும் பீலியிலிருந்து பிடித்தது. மூன்றாவதில் அதே பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. மலைக் குளிரில் கிருமி வளராது என்பதால் பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி, கம்பளித் துண்டால் சுற்றி, என் விடுதி அடுப்பங்கரையில் வைத்தேன். மூன்று நாள் அடுப்பின் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டேன். பாடசாலை விட்டு வந்ததும் டின்னைத் திறந்து பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் என்னைத் தவிர உயிரோடு இருந்தவை அவைதான்.

நான்காம் நாள் போத்தல்களை வகுப்பில் வைத்தேன். கிணற்றுத் தண்ணீரில் ஆங்காங்கே புள்ளிகள். பீலித் தண்ணீரில் இடைவெளியே இல்லாமல், மஞ்சளும் வெள்ளையுமாக அப்பிக் கிடந்தது. கொதிக்க வைத்ததில் ஒன்றும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் வயிற்றோட்டமே வராது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று உற்சாகமாகப் பேசினேன்.

வகுப்பு முடிந்த பிறகும் அந்தப் பெண் போகாமல் நின்றாள்.

"எங்க தம்பி கொதிக்க வைக்காத தண்ணிதான் டீச்சர் குடிச்சான்."

"தம்பிக்கு என்ன வயசு?"

"எட்டு மாசம். போன மழைக்கு வயித்தால போயிச் செத்துட்டான்."

அவள் மூன்று போத்தல்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்காமல் நேராக விடுதிக்கு வந்திருந்தார். கால்களில் அட்டை கடித்த இரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றார்.

"எம்பொண்ணு சொல்லுதுங்க, தண்ணியைச் சுட வச்சுக் குடுத்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்னு. அப்படிங்களா டீச்சர்?"

"உங்களில பிழை இல்லை அம்மா."

"சும்மா சொல்லாதீங்க. நீங்க படிச்சவுங்க. விடியாம எழும்பி ரொட்டி தட்டிட்டு பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். லேட்டானா வேலை இல்லேன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஈர வெறகு. புள்ளக்காம்பராவுல ஆயா பாத்துக்குவாங்கன்னு விட்டுட்டுப் போனேன். சுட வச்சிருக்கலாம்தான். வைக்கல. அதான் கேக்குறேன்."

கொதிக்க வைக்காத தண்ணீரில் கிருமி இருக்கிறது என்பதைத்தான் என் போத்தல்கள் காட்டின. அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று நான் வகுப்பில் கேட்கவே இல்லை. ஒரு தாய் சோம்பல்பட்டதால் வந்தது என்பது போலப் பேசிவிட்டிருந்தேன். அந்த அம்மாவின் முன்னால் அது எனக்கு விளங்கியபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் பாத்துச் சொல்லுறன். கொஞ்ச நாள் தாங்கோ" என்றேன்.

அவர் என் பேச்சு விளங்காதவர் போல் ஒரு கணம் நின்றார். பிறகு "சரிங்க" என்று இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் வரக்கூடியவர்களைக் கூட்டிக்கொண்டு, பீலிக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பிடித்தபடி மேலே ஏறினேன். ஏழு பேர் வந்தார்கள். அந்தப் பெண் முன்னால் நடந்தாள். ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்தோம். ஒவ்வொரு போத்தலிலும் அவள் எண் எழுதி, கொப்பியில் படம் வரைந்துகொண்டே வந்தாள். தேயிலை முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் சீமெந்துத் தொட்டி இருந்தது. மூடியிருந்த பலகைக்கல் இரண்டாக உடைந்து ஒரு பாதி உள்ளே விழுந்து கிடந்தது. தொட்டிக்கு நேர் மேலே, தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் பால் கறக்கிற மாடுகளின் பட்டி. மழைத் தண்ணீர் சாணத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கி வந்த தடம் தொட்டி விளிம்புவரை தெரிந்தது. பங்களாவுக்கு வேறு குழாய். அது பட்டிக்கும் மேலே இருந்த ஊற்றிலிருந்து போனது.

மீண்டும் டின், கம்பளி, அடுப்பு. பட்டிக்கு மேலே அந்த ஊற்றில் எடுத்த போத்தலில் நான்கைந்து புள்ளிதான். தொட்டியிலிருந்து கீழே எடுத்த நான்கும் நிறைந்து கிடந்தன. இம்முறை நான் எதையும் விளக்கவில்லை. போத்தல்களை வரிசையாக வைத்து, அவள் வரைந்த படத்தைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். பிள்ளைகள் வாங்கை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள்.

அன்று பாடசாலை விட்டதும் அவளோடு லயத்துக்குப் போனேன். அதற்கு முன் நான் லயத்துக்குள் போனதில்லை. ஒற்றை அறை. அவளுடைய அப்பா வேலைக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா சாக்கை விரித்து என்னை உட்காரச் சொன்னார். நான் கண்டதைச் சொன்னேன். என் தமிழ் போதாத இடங்களில் மகள் எடுத்துச் சொன்னாள்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கல்லு எப்ப ஒடஞ்சதுங்க?"

"தெரியாது அம்மா."

"ஒடஞ்ச எடத்துல பாசி புடிச்சிருந்துச்சும்மா" என்றாள் மகள். "கெட்டியா. போன மழைக்கு முந்தியே ஒடஞ்சிருக்கணும்."

பாசியை நானும் பார்த்திருந்தேன். அதிலிருந்து காலத்தைக் கணக்கிட எனக்குத் தோன்றவில்லை. அம்மா மகளைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். எழுந்து போய் கேத்தலை வைத்துப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். கொதித்த தண்ணீர்தான் என்று எனக்குக் காட்டுவதற்காகவோ என்னவோ, கேத்தலின் மூடியைத் திறந்து ஆவியை ஒருமுறை பார்க்க விட்டார்.

செய்தி தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு கிளாக்கர் பாடசாலை அதிபரைப் பார்க்க வந்தார். அவர் போனதும் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர்.

"டீச்சர், பாடப் புத்தகத்துல உள்ளதைப் படிப்பிச்சாப் போதும். இந்தக் கட்டடம் நிக்கிறதே தோட்டத்துக் காணியில."

"பாடப் புத்தகத்தில உள்ளதைத்தான் சேர் படிப்பிச்சனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

ஆசிரியர் அறையில் மற்றவர்கள் நான் வந்தால் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும் நீங்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். அது உண்மைதான். இடைவேளையில் வகுப்பறையிலேயே இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த ஆண்டுகளில் இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகப் பதிந்த தோட்டக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பத்தொன்பது பேர் பதினாறாகி, பதினாலாகியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை அந்தப் பெண் பாடப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தாள்.

"பாஸ்போட் வந்துருச்சு டீச்சர். வெள்ளிக்கிழம பயணம்."

"எந்த ஊருக்கு?"

"திருச்சிப் பக்கமாம். அப்பாவுக்கே தெரியாது, தாத்தாவோட ஊரு. அங்க பத்தாம் வகுப்புல சேத்துக்குவாங்களா டீச்சர்?"

"சேர்ப்பினம்" என்றேன். எனக்கு அது தெரியாது. தேயிலையைப் பற்றிச் சொன்ன பிழையைத் திருத்த எனக்கு ஒரு மறுநாள் இருந்தது. இதற்கு இருக்கவில்லை.

புத்தகத்தை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது பாடசாலைப் புத்தகம் என்று மறுத்தாள். என்னுடைய ஊர் முகவரியை எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பு இருந்ததால் பதுளை ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுடைய பெயரை வரவு இடாப்பில் தவணை முடியும்வரை வைத்திருந்தேன். தினமும் வரவில்லை என்று குறித்தேன். தவணைக் கடைசியில் அதிபர் பார்த்துவிட்டு, "இன்னும் ஏன் டீச்சர் வெட்டாம வச்சிருக்கீங்க?" என்றார். அவர் முன்னாலேயே வெட்டினேன்.

அடுத்த தவணை தொடங்கிச் சில வாரங்களில் தொட்டிக்குப் புதுக் கல் போட்டுவிட்டதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். யார் உத்தரவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாட்டுப் பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப இனிமே தண்ணிய சுட வைக்க வேணாங்களா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"வைக்கத்தான் வேணும்" என்றேன்.

பாடசாலை விட்டதும் மற்ற ஆசிரியர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கல் போட்ட செய்தியை அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று மனம் தவித்தது. திருச்சிப் பக்கம் என்பதற்குமேல் முகவரி என்று எதுவும் என்னிடம் இல்லை. அவளிடமிருந்து கடிதமும் வரவில்லை. விடுதிக்குப் போய்க் கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, எனக்கான அரிசியைக் களைந்தேன். ஊருக்கு இடமாற்றம் கிடைக்க இன்னும் நான்கு வருடம் ஆனது.