இரண்டு பேர் படுக்கும் வேன்

வேலூர்ப் பட்டறையில் அந்த இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒன்று, சினிமாக்காரர்கள் கழித்துவிட்ட பெரிய பஸ். உள்ளே நான்கு படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, கதவு வைத்த கக்கூஸ். சக்கரம் வைத்த வீடு. மற்றது சின்ன வேன். பின்னால் இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ் வைக்க இடம், ஜன்னலுக்கு நீலத் திரை. அவ்வளவுதான்.

என் மாமனார் ஆரணிப் பட்டுச் சேலைகளைச் சித்தூர், கோலார் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்பவர். லாட்ஜில் மூட்டையை வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை, வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அந்த வருஷம் முடிவெடுத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மருமகளாக வந்து தலைதீபாவளிதான் முடிந்திருந்தது.

பஸ்ஸிலிருந்து மாமியார் மனமில்லாமல்தான் இறங்கினார். "இதையே எடுங்க. பசங்களும் கூட வருவாங்க. அப்படியே குடும்பத்தோட திருப்பதி போயிட்டு வரலாம்."

"நம்ம தெருவுல காலையில பாவு நீட்டிகினு இருப்பாங்க. இந்த யானை எப்பிடி உள்ள வரும்? வேன் போதும்" என்றார் மாமனார்.

நியாயமான காரணம்தான். தெரு நெடுக நூலை இழுத்துக் கட்டியிருக்கும்போது சைக்கிளே தயங்கித்தான் வரும். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் ஒரு மகனையாவது கூட அழைத்துப் போகிறவர், சில மாதங்களாக யாரும் வேண்டாம் என்றார். டிரைவரும் கண்ணமங்கலத்திலிருந்து புதிதாகப் பிடித்த ஆள்; எங்கள் வீட்டில் யாரையும் அறியாதவர், முன் சீட்டிலேயே தூங்கிக்கொள்வார்.

"போறது ஒருத்தரு. இன்னொரு படுக்கை யாருக்கு?" என்று அத்தை என் காதில் கேட்டார்.

அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா திரும்பி வந்ததும் அத்தை அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊறப்போடுவார். நானும் சும்மா இல்லை. நீலத் திரையில் மல்லிகை வாசம் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு முறை நல்ல அரக்குச் சேலை ஒன்று குறைந்தது. "மாறிப் போயிடுச்சு" என்றார் மாமா. எந்தப் பெண்ணுக்கு மாறிப் போனது என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

அடுத்த பயணத்தன்று அத்தை பையோடு வேனில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு?"

"படுக்கை சும்மாதானே கெடக்குது."

அவர்கள் ஊர் திரும்பியதும் கிணற்றடியில் அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். "யாரு அத்தை அவ?"

அவர் வெகுநேரம் முகம் கழுவினார். "யாரும் இல்ல. இனிமே எல்லா டிரிப்புக்கும் நான்தான் போவேன்."

நான் நம்பவில்லை. கண்டுபிடித்துவிட்டு மூடி மறைக்கிறார் என்றே நினைத்தேன். ஊரும் அப்படித்தான் பேசியது. புருஷனை ஒரு ராத்திரி தனியாக விடாதவள், சந்தேகக்காரி என்று கடைத்தெருவில் பெயர் வைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் அத்தை வாய் திறந்தார்.

"நான் மொத தடவ கூடப் போனப்போ, கோலார்ல கடைக்காரரு கருநீலம் கேட்டாரு. இவரு அரக்க எடுத்து நீட்டினாரு. நான் சிரிச்சிகினே மாத்திக் குடுத்தேன். பட்டு விக்கிறவருக்குக் கலர் தெரியலன்னா எவன் சரக்கு எடுப்பான்? பசங்க மூலையில உக்கார வச்சிடுவாங்கன்னு பயம். கத்தி வைக்கவும் பயம். அதான் யாரும் கூட வராத மாதிரி சின்ன வண்டியா பார்த்தாரு."

"ஊரே உங்களத்தானே பேசிச்சு, அத்தை?"

"பேசட்டும். என்னைப் பேசிகினு இருக்கிற வரைக்கும் அவரு கண்ணை எவனும் பார்க்கமாட்டான்."

கட்டுப் பிரித்து, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மாமா மறுபடி கிளம்பினார். இம்முறை பெரிய மகனை அவரே கூப்பிட்டார். அத்தை வீட்டில் இருந்துகொண்டார். அதையும் ஊர் விடவில்லை. "ஒருவழியா சந்தேகம் தீர்ந்துச்சு போல" என்றாள் அரிசி புடைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. எனக்குப் பொறுக்கவில்லை, பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

முறத்திலிருந்து தலை நிமிராமல், அத்தை என் காலை அழுத்தி மிதித்தார்.