மெத்தையை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்பா ஒரே ஃபோம் மெத்தையில்தான் கிடந்தார். உயிர் போனதும் அதன் மேல்தான். கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அம்மா அந்த அறையைச் சாத்தினாள். பிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முப்பதாம் நாள் பூசைக்குள் மெத்தை வீட்டைவிட்டுப் போக வேண்டும். ஆனால் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது.

"அவரு உசுரு போன படுக்கைடி. நாய் இழுக்கத் தெருவுல போட்டுறாத."

இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். இலவம் பஞ்சாக இருந்தால் பிரித்து மண்ணில் புதைத்திருக்கலாம். இதைப் புதைத்தாலும் மக்காது, எரித்தால் தெருவே இருமும். குப்பை வண்டியில் வரும் அக்கா, ஏற்றினாலும் கிடங்கில் இறக்க விடமாட்டார்கள் என்றார். பழைய இரும்புக்காரர் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இல்லை என்றதும் வண்டியைத் திருப்பிவிட்டார். மெத்தையின் ஓரத்தில் கம்பெனியின் போன் நம்பர் அச்சடித்திருந்தது. அடித்தேன். எடுத்த பெண், வாரண்டி முடிந்துவிட்டது என்றாள். மெத்தைக்கு ஒரு குறையும் இல்லை தாயே, படுத்திருந்தவர்தான் போய்விட்டார் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கடைசியில் மெத்தைக் கடைக்காரர் வழி சொன்னார். புதுசு ஒன்று எடுத்தால் பழசைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு விலையில் தள்ளுபடியும் தருமாம். எங்களுக்குப் புதுசு தேவையே இல்லை. அம்மாவின் நிம்மதிக்காக வாங்கினேன். வேன் வந்து ஒன்றை இறக்கியது, இன்னொன்றை ஏற்றியது. அம்மா வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். இது நேரே கம்பெனிக்குப் போய்விடுமா என்று டிரைவரிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அந்த அறைக்குள் போய்ப் படுக்க ஆரம்பித்தாள்.

பூசைக்குச் சொல்லிவிட்டு வர வத்தலக்குண்டு பக்கம் எங்கள் சொந்த ஊர் சர்ச்சுக்கு ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியில் ஒரு கண்மாய்க் கரையில் மெத்தைகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே எங்களுடையது. அம்மா பழைய சுங்குடிச் சேலையில் தைத்துப் போட்ட உறைகூட அப்படியே இருந்தது. நடுவே அப்பா உடம்பு அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம். அதில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பூசைக்கு அம்மா பஸ்ஸில் இந்த வழியாகத்தான் வருவாள், அதுவும் ஜன்னலோரம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினேன். வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை.

"அக்கா, கம்பெனி தள்ளுபடி மட்டுந்தான் குடுக்குது. பழசைத் தூக்க ஒரு நாளும் வண்டி அனுப்புனதில்ல. அம்புட்டையும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது நிஜம் என்பதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. விற்கிறபோது கட்டில் வரை கொண்டுவந்து போடத் தெரிகிறது. திரும்ப எடுக்க மட்டும் ஊரில் ஒருவருக்கும் வழி தெரியவில்லை. செய்தவன்தான் எடுத்தாக வேண்டும் என்று பிடரியைப் பிடித்துச் சொல்ல ஆள் வேண்டும். அப்படிச் சொன்னால், செய்கிறபோதே இது கடைசியில் என்ன ஆகும் என்று யோசிப்பான். விற்றதோடு கையைக் கழுவ விட்டால் எதற்கு யோசிக்கப் போகிறான்?

கடைக்காரரின் வேனிலேயே மெத்தையைத் திரும்பக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் மறைக்க வழியில்லை. அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. முந்தானையால் சேற்றைத் துடைத்துவிட்டு, மொட்டை மாடியில் ஏற்றச் சொன்னாள். இன்றைக்கும் அங்கேதான் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது.

பூசை முடிந்து வந்த மத்தியானம் அம்மா புது மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையால் அதை அழுத்துவதும் அது மேலே எழும்புவதைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"நான் போனப்புறம் இதை என்னடி பண்ணுவ?" என்றாள்.

கடை நடுவே நின்று அத்தனை பேச்சுப் பேசிய நான் குனிந்து, இந்த மெத்தையின் ஓரத்திலும் கம்பெனியின் போன் நம்பர் இருக்கிறதா என்று தேடினேன்.