மியூசியத்துக்கு ஒரு வயல்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் லா சப்பலில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் வைத்து, எனக்கு ஊர்ப்பற்று இல்லை என்று முடிவு கட்டினார்கள். முடிவு கட்டிய ஊர்ச் சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை — என் கணவர்தான்.

விஷயம் பாலியில் தொடங்கியது. மகள் டிக்கெட் எடுத்துத் தந்து இந்த வருஷம் எங்கள் இருவரையும் அங்கே அனுப்பி வைத்தாள். கடற்கரை, குரங்கு, கோயில் எல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி ஒரு மியூசியத்துக்குள் போனோம். நெல் விவசாயத்துக்கும் வாய்க்கால் பாசனத்துக்கும் என்றே கட்டியது. எங்களைத் தவிர பார்க்க வந்தவர் ஒருவரும் இல்லை. கலப்பையும் மண்வெட்டியும் தூசி படிந்து கிடந்தன.

ஒரு மரக்கட்டை மட்டும் என்னை நிறுத்தி வைத்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே போடுவது. அதில் அளவாகச் செதுக்கிய பள்ளங்கள்... ஒவ்வொரு பள்ளத்தாலும் ஒருவருடைய பங்குத் தண்ணீர் போகும். மேலே இருப்பவர் தண்ணீரை மறித்துக் கீழே இருப்பவரைக் காயப் போட முடியாது. வாய்க்காலை வயல்காரர் எல்லோரும் சேர்ந்து துப்புரவாக்க வேண்டும், வராதவருக்குத் தண்டம். கூட்டத்துக்கு அழைக்க மரத்தால் செய்த மணி ஒன்றும் இருந்தது.

"எங்கட சங்கத்துக்கும் உப்பிடி ஒண்டு வேணும். வாட்ஸ்அப்பிலை போட்டால் ஒருத்தரும் வருகினமில்லை" என்றார் இவர்.

வெளியே வந்தால், பக்கத்து வயலின் நடுவில் யாரோ நீச்சல் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். இவர் மியூசியத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்களும் ஊரிலை ஒரு நெல் மியூசியம் கட்டினால் என்ன?"

இந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் ஓகஸ்டில் பேத்தியை யாழ்ப்பாணம் கூட்டிப் போய் எங்கள் வயலைப் பெருமையாகக் காட்டினார். வெடித்த தரை, நாலு மாடு. "இது பார்க்கிங்கா?" என்று பிரெஞ்சில் கேட்டாள் பேத்தி. மனிதருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. எங்கள் பக்கம் மழையை நம்பிய விதைப்பு. புரட்டாசியில் விதைத்தால் தையில் அறுவடை. ஓகஸ்ட் லீவில் போகிறவர்கள் கண்ணுக்கு நெல் எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பாலிப் படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார். கலப்பையோடு இவர். கட்டையோடு இவர். கீழே கொத்துரொட்டி கொத்துகிற சத்தத்தையும் மீறிக் கைதட்டினார்கள். இடம்? றோட்டுக் கரையில் இருக்கிற வயல்தான் வசதியாம். அது என்னுடையது, அப்பா சீதனமாகத் தந்தது. இப்போது குத்தகைக்கு எடுத்து விதைப்பவன் சிவம். ஊரை விட்டு எங்கேயும் போகாத சிலரில் ஒருவன்.

"நெல்லைக் காட்டுறதுக்கு நெல் விளையிற வயலை நிரவப் போறியளோ?" என்று கேட்டேன்.

"ஒரு வயல்தானே அக்கா" என்றார் பக்கத்து நகரமான ஆர்ஜொந்தெய்யிலிருந்து வந்திருந்த ஒருவர். "சிவத்துக்கும் அங்கையே வேலை குடுப்பம். மண்வெட்டியோடை நிண்டான் எண்டால் போட்டோவுக்கும் வடிவாயிருக்கும்."

"பிள்ளையளுக்கு நெல்லுக் காட்ட வேணுமெண்டால் டிசம்பரிலை, நத்தார் லீவிலை கூட்டிக்கொண்டு போங்கோ. வயல் பச்சைப் பசேலெண்டு நிக்கும்."

"அது மழை நேரம் அக்கா. சேறு, நுளம்புக் கடி... பிள்ளையள் அங்கை நிக்குங்களே?"

நெல்லுக்கு மழை வேண்டும், நெல்லைப் பார்க்கிறவர்களுக்கு வெயில் வேண்டும். இதற்கு நான் என்ன செய்ய? வயலைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். கூசேன்வில்லில் இருக்கிற வீட்டுக்கு ரெயிலில் திரும்பினோம். வாசலில் கதவைத் திறந்துகொண்டே இவர் சொன்னார்.

"சனம் சொன்னது சரிதான். உமக்கு ஊரிலை பற்றில்லை."

எனக்கோ உள்ளூரப் பெருமை. ஒரு விவசாயியின் வயலைக் காப்பாற்றியிருக்கிறேன் அல்லவா? செவ்வாய்க்கிழமை சிவமே வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தான்.

"அக்கா, நீங்கள் வயல் தரமாட்டன் எண்டு சொன்னியளாம்."

"ஓம். நீ ஒண்டுக்கும் யோசியாதை. வயல் உன்னட்டைத்தான் இருக்கும்."

"அக்கா... நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ."

யாராவது வெருட்டிச் சொல்ல வைத்தார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வெருட்டேல்லை. போன மாரியும் வெள்ளம் வயலுக்கை நிண்டு பயிர் அழுகிப் போச்சு. அதுக்கு முதல் மாரியும் அப்பிடித்தான். வாய்க்கால் தூர்ந்து போய்க் கிடக்கு அக்கா, தண்ணி வடிய வழியில்லை. முந்தி ஆவணியிலை வயல்காரர் எல்லாரும் இறங்கி வெட்டுறவை. இப்ப ஆர் இருக்கினம்? எங்கட வயலடியை நான் வெட்டுவன், மிச்சத்தை ஆர் வெட்டுறது? மியூசியத்திலை வேலையெண்டால் வெள்ளம் வந்தாலும் சம்பளம் வரும்."

மிச்ச வாய்க்கால் யார் யாருடைய வயலடியில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்கு அந்த மேல்மாடியில் இருந்து கைதட்டியவர்கள்தான். ஆவணி பிறப்பது எப்போது? ஓகஸ்டில். நாங்கள் எல்லோரும் ஊரில் போய் நிற்கிற அதே மாதம். கோயில் கோபுரத்துக்குக் கூட்டம் போட்டோம், றோட்டு வளைவுக்குக் கூட்டம் போட்டோம், மண்டபத்துக்கு ஏசி பூட்டவும் கூட்டம் போட்டோம். வாய்க்கால் என்ற சொல்லை அங்கே ஒருவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. பாலியில் அந்தக் கட்டைக்கு முன்னால் வாய் பிளந்து நின்றபோது எனக்குக்கூட எங்கள் வாய்க்கால் ஞாபகம் வரவில்லை.

கோபம் வந்தது. இவர்மேல், சங்கத்தின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நியாயம் பேசிய என்மேல். அவனை வயலில் இருந்து எழுப்பியது மியூசியம் இல்லையே... அதற்கு முன்பே நாங்கள் எழுப்பிவிட்டோம்.

புதன்கிழமை இவரிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு உடனே ஊர்ப்பற்று திரும்பி வந்துவிட்டது. வேலை மளமளவென்று நடக்கிறது. உள்ளே பிள்ளைகள் பார்க்க அழகான மாதிரி வாய்க்கால் ஒன்று வரப்போகிறதாம், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஓடும்.

அதை ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கச் சங்கம் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டது — சிவம்.